வுட்ஸ்டாக் காலத்துக் கேமராவோடு கச்சேரிக்குப் போவது எப்படி

“வுட்ஸ்டாக் மாதிரி படம் வேண்டும்” என்று என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது ஃபில்டரைத்தான். கொஞ்சம் மங்கல், கொஞ்சம் கிரெய்ன், ஓரத்தில் ஓர் ஆரஞ்சுக் கீற்று. அது போனிலேயே வந்துவிடும், அதற்கு நான் எதற்கு? 1969-இல் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் உள்பட, 1967-லிருந்து 1970 வரை நடந்த இசை விழாக்களின் நல்ல படங்களை நிதானமாக உட்கார்ந்து பாருங்கள். பல படங்களில் மங்கல் என்பதே கிடையாது. சட்டை நூல்கூடத் தெரியும். எடுத்தவர் எங்கே நின்றார், அவர் பையில் எவ்வளவு ஃபிலிம் மிச்சம் இருந்தது, இந்த இரண்டும்தான் அந்தப் படங்களை அந்தக் காலத்துப் படங்களாக ஆக்கின.

நான் கோவைக்காரன். ஒரு நிக்கான் எஃப், ஒரு லைக்கா எம்2, ட்ரை-எக்ஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம், குளியலறையை மறித்துச் செய்த இருட்டறை என்று இன்றும் காலம் தள்ளுகிறவன். ஹிப்பிகள் காலத்து முறையில் மேடையைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, அந்தக் காலத்துக் கருவிகளையும் விழாக்களையும் வைத்தே சொல்லித் தருகிறேன்.

முதலில் மூன்று படங்கள்

கேமராவைத் தொடுவதற்கு முன் மூன்று படங்களைத் தேடிப் பாருங்கள்.

ஒன்று, 1967 ஜூன் 18, கலிஃபோர்னியாவில் மான்டரே பாப் விழா. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மண்டியிட்டிருக்கிறார், முன்னால் கிட்டார் எரிகிறது, இரண்டு கைகளாலும் தீயை மேலே அழைக்கிறார். எடுத்தவர் எட் காரஃப். அப்போது 17 வயது, பள்ளிக்கூட மாணவர். மேடையை ஒட்டி ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று எடுத்தார். ரோலில் அதுதான் கடைசி ஃப்ரேம்.

இரண்டாவது, 1969 ஆகஸ்ட் 15, நியூயார்க் மாநிலத்துப் பெத்தெல் கிராமம், மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால் பண்ணை. வுட்ஸ்டாக்கின் முதல் நாள். மேடையில் உட்கார்ந்து கூட்டத்தை வாழ்த்திப் பேசுகிறவர் சுவாமி சச்சிதானந்தா, எங்கள் ஊர்ப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர். படம் பின்னாலிருந்து எடுக்கப்பட்டது. அவர் முகம் தெரியாது. அவருக்கு எதிரே மலைச்சரிவு முழுக்கத் தலைகள்தான் தெரியும்.

மூன்றாவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விடியற்காலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டிப்பிடித்து நிற்கிற ஜோடி. வுட்ஸ்டாக் இசைத்தட்டின் உறையில் வந்தது. பர்க் அஸல் எடுத்தது. அவர் மேக்னம் நிறுவனப் புகைப்படக்காரர்தான், ஆனால் அங்கே எந்தப் பத்திரிகையின் வேலையாகவும் போகவில்லை. குடும்பத்தோடு முகாம் போட்டிருந்தார்.

ஒருவர் நாற்காலி மேல், ஒருவர் மேடைக்குப் பின்னால், ஒருவர் மேடைக்கே முதுகைக் காட்டிக்கொண்டு. மூன்று பேரில் ஒருவர்கூட மேடைக்கு எதிரே நடுவில் நின்று நீள லென்ஸால் எடுக்கவில்லை. இனி நான் சொல்லப்போகிற எல்லாமே இதை ஒட்டித்தான்.

கருவி

நிக்கான் எஃப் 1959-இல் வந்தது. லைக்கா எம்2 அதற்குச் சற்று முன்னால், எம்4 1967-இல். இந்த இரண்டு குடும்பமும் அந்த விழாக்களில் நிறையப் புழங்கின. கொஞ்சம் விலை குறைவாக வேண்டுமென்றால் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் போதும். பெயரைப் பார்த்து, ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள், அது ஃப்ரேம் முழுவதையும் சராசரி எடுக்கிற மீட்டர்தான்.

லென்ஸ் மூன்று போதும். (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிகம் திறக்கும், வெளிச்சம் கூடும்.) 35 மி.மீ. எஃப் 2 கூட்டத்துக்கும் மேடை ஓரத்துக்கும். 105 மி.மீ. எஃப் 2.5 முகத்துக்கு. இரவில் வெளிச்சம் மோசமென்றால் 85 மி.மீ. எஃப் 1.8. அதற்கு மேல் நீளமாக எதையும் சுமக்காதீர்கள். 200 மி.மீ. எஃப் 4 லென்ஸ் கையில் இருந்தால் தூரத்தில் நின்றுகொண்டே சமாளிக்கத் தோன்றும். அப்புறம் முன்னால் போகவே மாட்டீர்கள்.

ஃபிலிமைத் தானே சுற்றும் நிக்கானின் மோட்டார் டிரைவ் வேண்டாம். நொடிக்கு 4 ஃப்ரேம் வேகத்தில் 36 ஃப்ரேமும் 9 நொடியில் தீர்ந்துவிடும்.

லைக்காவில் ஒரு வசதி உண்டு. நிக்கானைப் போல உள்ளே கண்ணாடி மேலே எழும்புவது இதில் இல்லாததால், ஷட்டர் திறக்கிற கணத்தையும் நீங்கள் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். ஃப்ரேம் கோட்டுக்கு வெளியே இருப்பதும் தெரியும். மைக் ஸ்டாண்ட் பக்கத்திலிருந்து உள்ளே நுழைவதை முன்கூட்டியே பார்த்துவிடலாம். நிக்கானில் 105 போட்டு முகம், லைக்காவில் 35 போட்டு மற்ற எல்லாம். நான் இப்படித்தான் பிரித்துக்கொள்கிறேன்.

பேட்டரி விஷயம் முக்கியம். நிக்கானின் ஃபோட்டோமிக் எஃப்டிஎன் மீட்டருக்கு 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இரண்டு வேண்டும். அது இப்போது தயாரிப்பில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியைப் போட்டால் முள் ஆடும், ஆனால் கணக்குத் தப்பும். காது கேட்கும் கருவிக்குப் போடும் ஸிங்க்-ஏர் பேட்டரியை ஒரு வளையத்தில் வைத்துப் போட்டால் சரியாகக் காட்டும். இல்லையென்றால் மீட்டரை மறந்துவிடுங்கள். மேடைக்கு மீட்டர் அவ்வளவாகத் தேவைப்படாது என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஃபிலிம் ஏற்றுவதை வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு பழகுங்கள். நிக்கான் எஃப்-இன் பின்மூடி கதவு போலத் திறக்காது. அடிப்பலகையோடு சேர்ந்து மொத்தமாகக் கழன்று கையில் வந்துவிடும். ஒரு கையில் கேமரா, ஒரு கையில் ரோல், மூடியை எங்கே வைப்பது? இடது அக்குளில் இடுக்கிக்கொள்வதுதான் வழி. லைக்கா எம்2-இல் அடித்தகடு கழலும், அதைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஃபிலிம் நாக்கைச் சுருளில் செருகி, மூடி, இரண்டு முறை சுற்றிய பிறகு, இடப்பக்கத்து ரிவைண்ட் குமிழ் திரும்புகிறதா என்று பாருங்கள். குமிழ் திரும்பினால்தான் ஃபிலிம் நகர்கிறது. எண் காட்டி மட்டும் 36 வரை போய், உள்ளே ஃபிலிம் அசையாமல் கிடந்த கதைகள் அந்தக் காலத்துக்காரர்கள் எல்லோரிடமும் உண்டு.

வெளிச்சம்

இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும்.

அந்தக் கால மேடையில் இரவில் முக்கியமான விளக்கு ஃபாலோ ஸ்பாட். கோபுரத்தின் மேல் ஓர் ஆள் நின்று, பாடகரைத் துரத்தித் துரத்தி வட்ட வெளிச்சம் அடிப்பார். உள்ளே கார்பன் ஆர்க். நம்மூர்ப் பழைய தியேட்டர்களில் ஆபரேட்டர் கார்பன் குச்சி மாற்றுவதைப் பார்த்திருந்தால் அந்த வெளிச்சத்தின் நிறம் நினைவிருக்கும். வெள்ளை, லேசாக நீலம், கிட்டத்தட்ட பகல் வெளிச்சம். மேடையின் மற்ற விளக்குகள் டங்ஸ்டன், அதாவது மஞ்சள் கலந்த ஆரஞ்சு.

வுட்ஸ்டாக்கில் ஒரு கூத்து நடந்தது. ஒளியமைப்பாளர் சிப் மாங்க் கொண்டுவந்திருந்த விளக்குகளைத் தாங்க வேண்டிய மேடைக் கூரை வேலை முடியவே இல்லை. விளக்குகள் மேடைக்கு அடியிலேயே கிடந்தன. மூன்று இரவும் கோபுரத்து ஃபாலோ ஸ்பாட்டை நம்பியே ஓடியது. அதனால்தான் அந்த இரவுப் படங்களில் ஒற்றை வெளிச்சத்தில் முகம், பின்னால் தார் இருட்டு. அந்தத் தோற்றத்தை ஒரு பாணி என்று நினைத்துப் பலர் காப்பியடிக்கிறார்கள். கூரை முடிந்திருந்தால் அது வேறு மாதிரி இருந்திருக்கும்.

இனி கணக்கு. ட்ரை-எக்ஸின் வேகம், அதாவது வெளிச்சத்தை வாங்கும் திறன், 400 ஏஎஸ்ஏ. ஃபாலோ ஸ்பாட் நேராக முகத்தில் விழும்போது ஷட்டர் 1/250 நொடி, எஃப் 2.8. விளக்கு கொஞ்சம் விலகி, ஓர வெளிச்சம் மட்டுமென்றால் 1/125, எஃப் 2.8. டங்ஸ்டன் மட்டும் எரிகிறது, ஃபாலோ ஸ்பாட் வேறொருவர் மேல் இருக்கிறது என்றால் 1/60, எஃப் 2. இந்த மூன்றையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போங்கள். இவை தொடங்கும் இடம்தான். முதல் பாட்டின் போது 105-ஐ முகத்தின் மேல் வைத்து ஒரு முறை மீட்டர் பார்த்துத் திருத்திக்கொண்டு, அப்புறம் அதைத் தொடாதீர்கள்.

ஏன் தொடக்கூடாது? ஃப்ரேமில் முக்கால் பங்கு இருட்டு. மீட்டர் அந்த இருட்டையும் சேர்த்துப் பார்த்து, “வெளிச்சம் போதவில்லை, இன்னும் திற” என்று சொல்லும். கேட்டால் முகம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துவிடும். இருட்டு எப்படியும் இருட்டுதான். முகத்தைக் காப்பாற்றுங்கள்.

சிவப்பு ஜெல் (நிறத் தாள்) போட்ட விளக்கைக் கண்டால் எச்சரிக்கை. கறுப்பு வெள்ளையில் சிவப்பு வெளிச்சம் தோலை வெளிறச் செய்யும், உதடு காணாமல் போகும். அந்தக் காலத்து காட்மியம் மீட்டர்களுக்குச் சிவப்பென்றால் கொஞ்சம் அதிக ஆசை, அளவை மிகைப்படுத்திக் காட்டும், படம் இருண்டு வரும். ஒரு ஸ்டாப் (அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம்) கூடுதலாகத் திறந்துகொள்ளுங்கள், அல்லது விளக்கு மாறும்வரை பொறுங்கள். நீலத்தில் நேர் எதிர், தோல் கறுத்து முகப்பருவெல்லாம் எழும்பி நிற்கும்.

கலர் வேண்டுமென்றால் அன்றைக்கு இரவுக்குக் கை கொடுத்தது ஹை ஸ்பீட் எக்டாக்ரோம் என்ற கலர் ஃபிலிம். பகல் வகை 160, டங்ஸ்டன் வகை 125. ஃபாலோ ஸ்பாட்டுக்குப் பகல் வகையே பொருந்தும். பகலில் கோடாக்ரோம் 2, வேகம் வெறும் 25, ஆனால் அந்தச் சிவப்பும் அந்த நீலமும் வேறெதிலும் வராது. கோடாக்ரோம் இப்போது இல்லை, தயாரிப்பு 2009-இல் நின்றது. எக்டாக்ரோம் 100 மீண்டும் வருகிறது, விலை ஆனை விலை குதிரை விலை. புதிதாகப் பழகுகிறவர்கள் ட்ரை-எக்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷ் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். மேடை விளக்கு உண்டாக்கிய அத்தனையையும் ஒரே அடியில் துடைத்துவிடும்.

எங்கே நிற்பது

மேடை உயரமென்றால் ஒட்டி நிற்காதீர்கள். மூக்குத் துவாரமும் மைக்கின் அடிப்பாகமும்தான் கிடைக்கும். நாலைந்து மீட்டர் பின்வாங்கி 105 போடுங்கள், அல்லது பக்கவாட்டுக்குப் போங்கள். மேடை தாழ்வென்றால், அல்லது காரஃப் போல ஒரு நாற்காலி கிடைத்தால், ஒட்டியே நிற்கலாம்.

பாடகருக்கு நேர் எதிரே நிற்கிறவருக்கு மைக் வாயை மறைக்கும். அவர் மைக்கை எந்தக் கையில் பிடிக்கிறாரோ, அதற்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூச்செடுக்க மைக்கை விட்டு ஒரு சாண் விலகுவார். அப்போதுதான் முகம் முழுதாகத் தெரியும். இரண்டு வரி கேட்டால் அந்த இடைவெளி எப்போது வருமென்று காதே சொல்லிவிடும். கண்ணால் பார்த்து அமுக்கினால் தாமதம், காதால் கேட்டு அமுக்க வேண்டும்.

கிட்டார்காரரை நேராகவோ, கிட்டாரின் கழுத்து நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகவோ நின்று எடுங்கள். கழுத்துப் பக்கம் நின்றால் அதன் முனை உங்கள் முகத்துக்கு வரும், இரண்டு கையும் மறையும். ஹென்ட்ரிக்ஸ் இடதுகைக்காரர், அவருக்கு எல்லாம் தலைகீழ். வழக்கமான மூலையில் போய் இடம்பிடித்தவர்களுக்கு அவர் விஷயத்தில் அது தப்பான மூலை.

டிரம்ஸ் அடிப்பவரை முன்னாலிருந்து எடுக்கவே முடியாது, தட்டுகள் மறைக்கும். மேடையின் பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோதான். வுட்ஸ்டாக்கில் சந்தானா குழுவில் டிரம்ஸ் வாசித்த மைக்கேல் ஷ்ரீவுக்கு 20 வயது. பகல் வெளிச்சத்தில் அவர் தனியாவர்த்தனம் பண்ணும் படங்களில் எது உயிரோடு இருக்கிறதென்று பாருங்கள். பக்கவாட்டில் நெருங்கி எடுத்ததாகத்தான் இருக்கும்.

ஜோ காக்கர் ஞாயிறு மதியம் பாடினார். நம் சுங்குடி மாதிரி முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சட்டை, கைகள் இரண்டும் இல்லாத கிட்டாரை வாசித்துக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்டவரை 1/500-இல் எடுத்தால் விரல்கள் உறைந்து, ஏதோ வலிப்பு மாதிரி தெரியும். 1/60-க்கு இறக்குங்கள், கை கரையட்டும், முகம் நிற்கும் கணத்துக்குக் காத்திருங்கள். இதற்கு ஃபிலிம் கொஞ்சம் செலவாகும், அப்படியும் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம்.

சத்தமில்லாத இசைக்கு வேறு ஒழுங்கு. மான்டரேயில் ஞாயிறு பிற்பகல் முழுக்க ரவிசங்கருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, தபலாவில் அல்லா ரக்கா. நிக்கான் எஃப்-இன் கண்ணாடி எழும்பும் ‘கிளாக்’ சத்தம் ராக் இசையில் யாருக்கும் கேட்காது. ஆலாபனையில் பத்து வரிசை தள்ளிக்கூடக் கேட்கும். ஆலாபனை முடியும்வரை நிக்கானைக் கீழே வைத்துவிடுங்கள். தபலா சேர்ந்த பிறகு லைக்காவால் எடுங்கள். அந்தக் கட்டத்தில்தான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள், படமும் அங்கேதான் இருக்கிறது.

முடிந்தால் ஒரே குழுவை இரண்டு முறை பாருங்கள். மான்டரேயில் ஜானிஸ் ஜாப்ளினின் குழு சனிக்கிழமை பிற்பகல் பாடியதைப் படக்குழு பதிவு செய்யவில்லை. ஞாயிறு மாலை மறுபடி மேடை ஏற்றினார்கள். முதல் நாள் கண்ணால் பார்த்து வைத்திருந்த புகைப்படக்காரருக்கு இரண்டாம் நாள் எங்கே கத்துவார், எங்கே காலை உதைப்பார் என்பது அத்துப்படியாகியிருக்கும். இன்றைக்கு உங்களுக்கு அந்த வாய்ப்பு, கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்க்க மாலையில் நடக்கும் சவுண்ட் செக். அதற்குப் போகாமல் நேரே கச்சேரிக்கு வருகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

ஃபிலிமைப் பங்கிடுவது

ஒரு குழுவுக்கு ஒரு ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கடைசி ஆறு ஃப்ரேம் கடைசிப் பாட்டுக்கு. அதற்கு முன் அதைத் தொடக்கூடாது. காரஃபுக்கு அன்று ஹென்ட்ரிக்ஸைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. பக்கத்தில் நின்ற இன்னொரு புகைப்படக்காரர், அந்த ஆளுக்குக் கொஞ்சம் ஃபிலிம் மிச்சம் வை என்று சொல்லியிருந்தார். வைத்தார், அதில்தான் தீப் படம் விழுந்தது. அதே இரவு தி ஹூ குழுவும் கிட்டாரைக் கடைசியில்தான் உடைத்தது. நாடகம் முடிவில்தான் நடக்கும் என்பது அந்தக் கால மேடையின் வழக்கம்.

ஆகவே, கடைசிப் பாட்டு வருமுன்பே எண் காட்டியில் 28, 30 என்று வந்துவிட்டால், இரண்டு பாட்டுக்கு நடுவே அவர்கள் தந்தி முறுக்கும் நேரத்தில் ரோலை மாற்றிவிடுங்கள். ஆறு ஃப்ரேம் வீணானால் போகட்டும். தீப்பிடிக்கும்போது மூடியை அக்குளில் வைத்துக்கொண்டு நிற்பதைவிட அது மலிவு.

திரும்பி நில்லுங்கள்

ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் முதல் தலைமைப் புகைப்படக்காரர் பேரன் வோல்மன். மேடையை எடுக்கத் தெரியாதவர் இல்லை. அவரே வுட்ஸ்டாக்கில் பெரும்பாலும் கூட்டத்துக்குள்தான் அலைந்தார். கிட்டத்தட்ட 4 லட்சம் பேர் ஒரு பால் பண்ணையில் மூன்று நாள் மழையில் கிடக்கிறார்கள். சோறு கிடைக்கவில்லை, வழி அடைத்துக் கிடக்கிறது, பெரிய அடிதடி எதுவும் இல்லை. செய்தி எங்கே இருக்கிறது, மேடையிலா?

பகலில் கூட்டத்தை எடுக்க வழி சுலபம். ட்ரை-எக்ஸ், நல்ல வெயில், 1/500, எஃப் 16. 35 மி.மீ. லென்ஸை 2.5 மீட்டரில் வைத்துவிட்டால் 1.3 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் கூர்மையாக விழும். ஃபோகஸ் வளையத்தைத் தொடவே வேண்டாம். கேமராவை நெஞ்சளவில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே நடங்கள். முகத்துக்கு எதிரே கேமராவை உயர்த்திக் குறிபார்த்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் விரலால் ‘வி’ காட்டுவார்கள். அந்த ‘வி’ எல்லோரிடமும் இருக்கிறது, உங்களுக்கு வேண்டாம்.

கேட்கிற முகம்தான் வேண்டும். மான்டரேயில் ஜாப்ளின் பாடும்போது முன்வரிசையில் வாயைத் திறந்தபடி, “வாவ்” என்று உதடு அசைய உட்கார்ந்திருந்த காஸ் எலியட்டை ஒரு சினிமா கேமரா பிடித்தது. அவரே பெரிய பாடகி. ஜாப்ளின் அன்று எப்படிப் பாடினார் என்பதற்கு அந்த ஒரு முகம் போதும். மேடை விளக்கின் பின்வெளிச்சம் முன் நாலு வரிசை மேல் விழும், 1/60, எஃப் 2-இல் இரவிலும் எடுக்கலாம். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது எல்லாக் கேமராவும் மேடைப் பக்கம் இருக்கும், நீங்கள் மட்டும் திரும்புங்கள்.

அதிகாலையை விடாதீர்கள். அஸலின் படம் ஞாயிறு விடியலில் எடுத்தது. ராத்திரி முழுக்கப் பாட்டு ஓடி, காலையில் ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழு மேடை ஏறிய நேரம். சுற்றிலும் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறார்கள், இந்த இருவர் மட்டும் நிற்கிறார்கள், பக்கத்தில் ஒரு கம்பில் பிளாஸ்டிக் வண்ணத்துப்பூச்சி. அந்தக் கம்பை மறைத்துவிட்டுப் பாருங்கள், இடப்பக்கம் சப்பென்று ஆகிவிடும். திங்கட்கிழமை காலையும் அப்படித்தான். ஹென்ட்ரிக்ஸ் மேடை ஏறியபோது மணி ஒன்பதை ஒட்டி, கூட்டத்தில் பெரும்பகுதி ஊருக்குக் கிளம்பிவிட்டது. வெள்ளைக் குஞ்சத்துச் சட்டை, சிவப்புத் தலைக்கட்டு, நல்ல காலை வெயில். கையில் கொஞ்சம் ஃபிலிமோடு தங்கியிருந்தவர்களுக்குத்தான் அது.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. போர்வை ஜோடியிடம் யாரும் கேட்கவில்லை, இசைத்தட்டு உறையைப் பார்த்துத்தான் அவர்களுக்கே தெரிந்தது. அவர்கள் பின்னாளில் கல்யாணம் செய்துகொண்டு நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தார்கள், அதனால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. குளத்தில் ஆடையில்லாமல் குளித்தவர்கள், கஞ்சா புகைத்தவர்கள் எல்லோருக்கும் அப்படி முடிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. என் வழக்கம், எடுத்த பிறகு கேமராவைத் தாழ்த்தி, கண்ணைப் பார்த்து, தலையசைத்துக் கேட்பது. வேண்டாமென்றால் அந்த ஃப்ரேம் அச்சாகாது.

தப்பாகப் போகும் இடம்

ஆல்டமான்ட், 1969 டிசம்பர் 6. கலிஃபோர்னியாவில் ஒரு கார் பந்தய மைதானம், ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் இலவசக் கச்சேரி. மேடை வேறொரு இடத்துக்காக, மேட்டின் மேல் வைக்கத் திட்டமிட்டது, அதனால் உயரம் ஒரு மீட்டர்தான். கடைசி நேரத்தில் இடம் மாறியது. புது இடத்தில் மேடை சரிவின் அடியில் விழுந்தது. மேலிருந்து கூட்டம் நெருக்க நெருக்க, முன்வரிசை மேடை மேலேயே சாய்ந்தது. காவலுக்கு ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார்சைக்கிள் கும்பல். ஜெஃபர்சன் ஏர்பிளேனின் பாடகர் மார்ட்டி பாலினே மேடையில் அடிவாங்கி மயங்கினார். மெரடித் ஹன்டர் என்ற 18 வயது இளைஞர் மேடைக்கு முன்னால் குத்திக் கொல்லப்பட்டார்.

ஒரு மீட்டர் மேடை என்றால் நம் கண்மட்டத்தில் பாடகர், புகைப்படக்காரருக்கு அதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். அந்த ஆசையில்தான் மாட்டிக்கொள்வோம். இடத்துக்குப் போனதும் முதலில் தரை எந்தப் பக்கம் சரிகிறது, மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே வேலி இருக்கிறதா, நீங்கள் வெளியேற எது வழி, இந்த மூன்றையும் பாருங்கள். வுட்ஸ்டாக்கிலும் சரிவின் அடியில்தான் மேடை, ஆனால் அது உயரம், முன்னால் வேலி இருந்தது. ஆல்டமான்டில் பில் ஓவன்ஸ் என்ற புகைப்படக்காரர் ஒலிபெருக்கிக் கோபுரத்தின் மேல் ஏறி எடுத்தார். கூட்டம் எப்படி மேடையை விழுங்கியது என்பது அங்கிருந்துதான் தெரிந்தது.

அடிதடி தொடங்கினால் நெருங்காதீர்கள், ஆனால் எடுப்பதை நிறுத்தாதீர்கள். அந்தக் கொலை வழக்கில் சினிமா கேமராவில் பதிவானதை நீதிமன்றத்தில் போட்டுக் காட்டினார்கள். எடுத்த ரோலை உடனே கழற்றி உள்பாக்கெட்டில் போட்டுவிடுங்கள்.

மழை, சேறு

கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் பை, லென்ஸ் அளவுக்கு ஓட்டை, ரப்பர் பேண்ட். அவ்வளவுதான். அன்றைய கோடாக் ரோல்கள் திருகு மூடி போட்ட அலுமினிய டப்பாவில் வந்தன, தண்ணீர் புகாது. இன்றைய பிளாஸ்டிக் டப்பாவும் பரவாயில்லை. ஈரக் கையால் ஃபிலிம் நாக்கைத் தொட்டால் ஃபிலிமின் ஜெலட்டின் பூச்சு ஊறி ஒட்டிக்கொள்ளும். கழுத்தில் ஒரு பருத்தித் துண்டு போட்டுக்கொள்ளுங்கள், கை துடைக்க, லென்ஸ் துடைக்க, தலையில் போட.

இருட்டறையில்

வெளிச்சம் பற்றாத இரவுகளில் ட்ரை-எக்ஸை 1600 என்று வைத்து எடுத்து, டெவலப்பரில் நேரம் கூட்டுவார்கள். டி-76 டெவலப்பர், தண்ணீர் கலக்காமல், 20 டிகிரியில் 9½ நிமிடம். இப்படித் தள்ளினால் இருட்டில் இல்லாத விவரம் வந்துவிடாது. வெளிச்சம் விழுந்த இடம்தான் இன்னும் வெளுக்கும். மேடைக்கு அது போதும், பின்னால் எப்படியும் கறுப்புதான். ஆனால் ரோல் முழுவதையும் 1600-இலேயே எடுத்திருக்க வேண்டும், பாதியில் மனம் மாறக்கூடாது. ரோலின் மேல் உடனே 1600 என்று எழுதிவிடுங்கள்.

20 டிகிரி என்பது நம் ஊரில் சித்திரை மாதத்தில் கனவு. டெவலப்பர் பாட்டிலை ஐஸ் போட்ட வாளியில் வைத்துத்தான் இறக்க வேண்டும். ஸ்டாப், ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாமே அதே சூட்டில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஜெலட்டின் சுருங்கி நெளியும். அந்தக் காலத்தில் புழங்கிய டயாஃபைன் என்ற இரட்டைக் கரைசல் டெவலப்பர் கிடைத்தால் வாங்கிவையுங்கள். 21-லிருந்து 29 டிகிரி வரை எதிலும் வேலை செய்யும், நிமிடக் கணக்கும் பெரிதாகப் பார்க்காது. ட்ரை-எக்ஸின் வேகத்தையும் நன்றாக உயர்த்தித் தரும்.

நெகட்டிவை ஆறு ஆறாக வெட்டி, 8க்கு 10 அங்குலத் தாளில் கான்டாக்ட் ஷீட் (எல்லா ஃப்ரேமும் ஒரே தாளில், நெகட்டிவ் அளவிலேயே) போடுங்கள். லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பார்த்து மெழுகுப் பென்சிலால் குறியிடுங்கள். கச்சேரி முடிந்த மறுநாளே தேர்ந்தெடுக்காதீர்கள், பாட்டு இன்னும் காதில் இருக்கும், எல்லாப் படமும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

கடைசியாகக் கையெழுத்து. பீட்டில்ஸ் 1966 ஆகஸ்ட் 29-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் கடைசியாகப் பாடியபோது மேடைக்குப் பின்னால் அனுமதிக்கப்பட்ட புகைப்படக்காரர் ஜிம் மார்ஷல். எல்லா இடத்துக்கும் போகவிட்டால்தான் வருவேன், இல்லாவிட்டால் வரவில்லை என்று பேசுகிறவர். அப்போது “முதல் மூன்று பாட்டு மட்டும், பிறகு வெளியே போ” என்ற விதியெல்லாம் கிடையாது. இன்றைக்கு உண்டு. அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் படத்தின் உரிமை முழுவதையும் அமைப்பாளருக்கு எழுதிக்கொடுக்கச் சொல்லும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று பாட்டுதான் என்றால் சவுண்ட் செக்குக்கு அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். வெளியே அனுப்பிய பிறகு கூட்டத்துக்குள் போய் நில்லுங்கள், அங்கே உங்களை யாரும் தடுக்கப்போவதில்லை. ஒவ்வொரு நெகட்டிவ் உறை மேலும் தேதி, ஊர், குழுவின் பெயர், எந்த ஏஎஸ்ஏ, எந்த டெவலப்பர் என்று பென்சிலால் எழுதிவையுங்கள். மை வேண்டாம், ஐப்பசி மழையில் ஊறி நெகட்டிவில் ஒட்டும். உறைகளோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அது நிறம் மாறியதும் வாணலியில் வறுத்து மறுபடி போடுங்கள்.